முதலில் எழுதக் கற்றுக்கொடுங்கள்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பேருந்தில் அரைமணி நேரப் பயணம். அந்த அரைமணி நேரத்தில் கண்ணில் படும் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் ஆங்கிலம் கற்பிக்கும் விளம்பரங்களுக்குக் குறைவே இல்லை. முப்பது நாட்களில், அறுபது நாட்களில், இலக்கணம் இல்லாமல், பயம் இல்லாமல், சரளமாக... வாக்குறுதிகளின் வகைகள் பல. ஆனால் எல்லாமே பேச்சைத்தான் விற்கின்றன. ‘ஆங்கிலத்தில் அரைப்பக்கக் கடிதம் எழுதக் கற்றுத்தருகிறோம்’ என்று சொல்லும் ஒரு விளம்பரத்தைக்கூட நான் கண்டதில்லை.

இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. படித்தவர்களும் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும்கூட இந்த நம்பிக்கையில்தான் இருக்கிறார்கள். வயது வந்த ஒருவருக்கு ஆங்கிலம் கற்பிப்பதென்றால் முதலில் பேச்சு, எழுத்து பிறகு, முடிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பது கேள்விக்கு அப்பாற்பட்ட வரிசையாகிவிட்டது. இந்த வரிசை தவறு என்பது என் தரப்பு. நம் ஊர்களில், தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த, பள்ளியைப் பாதியில் விட்ட அல்லது பள்ளியில் கற்ற ஆங்கிலத்தை முற்றாக மறந்துவிட்ட நடுவயது மனிதருக்கு ஆங்கிலம் கற்பிப்பதை எழுத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பேச்சு அதன் தோளில் ஏறி வரட்டும்.

*

முதலில் ஓர் எளிய கேள்வி. இவ்வூர்களில் ஒருவர் நாள்தோறும் எதிர்கொள்ளும் ஆங்கிலம் எந்த வடிவில் வருகிறது?

ராஜபாளையம் நூற்பாலை நகரம். பக்கத்தில் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யப்படுகிறது. அங்கே தறியில் நிற்பவரிடம் ஆங்கிலத்தில் பேசுவதற்கு யார் வருகிறார்கள்? மேற்பார்வையாளர் தமிழில் பேசுகிறார், முதலாளி தமிழிலோ தெலுங்கிலோ பேசுகிறார், தேநீர்க் கடைக்காரர் தமிழில் பேசுகிறார். ஆனால் இயந்திரத்தின் தகட்டில் ஆங்கிலம் இருக்கிறது. பொட்டலத்தின் மேல் ஒட்டும் சீட்டில் அளவும் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. மாத்திரை அட்டையிலும் ரத்தப் பரிசோதனை அறிக்கையிலும் ஆங்கிலம். வங்கியிலிருந்து கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தி ஆங்கிலத்தில். கடன் ஒப்பந்தத்தின் பொடி எழுத்துகள் ஆங்கிலத்தில். காப்பீட்டு நிறுவனம் ‘உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது’ என்று சொல்வதும் ஆங்கிலத்தில்தான்.

ஆக, இங்கே ஆங்கிலம் காதில் விழும் மொழியல்ல, காகிதத்தில் வந்து நிற்கும் மொழி. காகிதத்துக்குப் பதில் காகிதத்தில்தான் தர முடியும். ‘ஹவ் ஆர் யூ, ஐ ஆம் ஃபைன்’ என்று நூறு முறை சொல்லிப் பழகியவர், ஒரு நிராகரிப்புக் கடிதத்துக்கு முன்னால் முன்பு எப்படி நின்றாரோ அப்படியேதான் நிற்பார்.

இன்னும் அடிப்படைக்குப் போவோம். ஒருவருடைய பெயர். நம்மவர் ஆங்கிலத்தில் எழுதியாக வேண்டிய முதல் சொல் அவருடைய சொந்தப் பெயர்தான். குடும்ப அட்டையில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதம் என்று ஆங்கில எழுத்துகள் மாறிக் கிடப்பதால் அலைபவர்கள் எத்தனை பேர்! ழகரத்துக்கு எந்த எழுத்து, நெடிலுக்கு ஓர் ‘ஏ’யா இரண்டா என்பதைத் தீர்மானித்தவர் அவரல்லர், கணினியின் முன் அமர்ந்திருந்த யாரோ ஒருவர். படிவமோ முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களை நீட்டுகிறது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் நம் வழக்கத்துக்கு அந்தக் கட்டங்களில் இடமே இல்லை. எதை எங்கே எழுதுவது? ஒரு முறை தவறினால் பிறகு எல்லா ஆவணத்திலும் அந்தத் தவறே உண்மையாகிவிடுகிறது.

இதைச் சிறிய விஷயம் என்போர் 2020 ஜூன் மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்தது. கிளம்பிய குழப்பத்தில் சில நாட்களுக்குள்ளேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரு மாநில அரசுக்கே தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவது இத்தனை சிக்கல் என்றால், ஒரு தறித் தொழிலாளிக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நம் இரண்டு ஊர்ப் பெயர்களுமே ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட விதமாக எழுதப்படுகின்றன. அரசு முத்திரையில் இருப்பது தம் ஊர்க் கோபுரமே என்று பெருமைகொள்ளும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், அந்த முத்திரை தாங்கிய காகிதத்தில் தம் முகவரியைப் பிழையின்றி எழுத வேண்டாமா?

*

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இயற்கையைத் துணைக்கழைப்பது. ‘குழந்தை முதலில் கேட்கிறது, பிறகு பேசுகிறது, அதன்பிறகே படிக்கிறது, கடைசியில் எழுதுகிறது. எந்த மொழியையும் இந்த வரிசையில்தான் கற்க முடியும்.’

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்ற இந்த நால்வரிசை நம்மிடையே வேரூன்றியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1959இல் சென்னை மாநிலத்தில் தொடங்கி, ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று ஆங்கிலம் கற்பிப்போர் வட்டாரத்தில் பெயர் பெற்ற இயக்கம், ஏறத்தாழ 27,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்க முனைந்தது. சிலர் பயிற்சி பெற்று மேலும் சிலருக்குப் பயிற்சி தருவார்கள், அவர்கள் இன்னும் பலருக்கு. பனிப்பந்து உருளும்போது பெருப்பதுபோல் அது பெருகும் என்பது கணக்கு. அவர்கள் கற்பித்த முறை வாய்மொழிப் பயிற்சியை முதலில் வைத்தது. வாக்கிய அமைப்பு ஒன்றை ஆசிரியர் சொல்வார், வகுப்பு திருப்பிச் சொல்லும். அந்தத் தலைமுறையின் நல்லெண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது தமிழையே அப்போதுதான் எழுதக் கற்றுக்கொண்டிருந்த சிறுவர்களுக்காக வகுத்த வரிசை. அதை நாற்பது வயதுக்காரரின் தலையில் அப்படியே சுமத்துவது, அவர் குழந்தையல்லர் என்பதை மறந்துவிடுவது.

அவருக்கு ஏற்கெனவே ஒரு மொழியின் எழுத்து கைவசம் இருக்கிறது. இடமிருந்து வலமாக எழுதுவது, சொல்லுக்குச் சொல் இடம் விடுவது, ஒலிக்கும் வடிவத்துக்கும் உறவு உண்டு என்பது, பேச்சில் ‘வந்துக்கிட்டிருக்கேன்’ என்றாலும் எழுதும்போது ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்றாக வேண்டும் என்பது, எல்லாமே அவருக்குத் தெரியும். இத்தனை முதலையும் பூட்டி வைத்துவிட்டு, அவரிடம் மிகக் குறைவாக இருக்கும் ஒன்றிலிருந்து, அதாவது அந்நிய ஒலிகளை நாவில் உடனுக்குடன் புரட்டும் பழக்கத்திலிருந்து தொடங்குவது என்ன கணக்கு?

பேச்சு வந்துவிட்டால் எழுத்து தானே வந்துவிடும் என்பார்கள். இதை வேறெங்கே சொன்னாலும் ராஜபாளையத்தில் சொல்லக்கூடாது. இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக வீட்டில் தெலுங்கு பேசி வருவோர் ஏராளம். அவர்களில் பலருக்குத் தெலுங்கில் ஒரு வரி எழுதத் தெரியாது. தாய்ப்பாலோடு வந்த சரளம்! ஆனாலும் கடிதமும் கணக்கும் தமிழில்தான். ஒரு மொழியை நூற்றாண்டுகளாகப் பேசியும் அது எழுத்தாகாமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எங்கே தேடுவது?

அதற்கு மறுபக்கமும் இதே ஊரில் இருந்தது. மு. கு. ஜகந்நாத ராஜா ராஜபாளையத்துக்காரர், 2008இல் மறைந்தவர். பிராகிருதத்திலிருந்து கதாசப்தசதியைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதையைக் காவியமாக்கிய ஆமுக்தமால்யதாவைத் தமிழாக்கி, சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றவர். பாலி, பிராகிருதம் என்று அவர் தேடிச் சென்ற மொழிகளைப் பேசிக்காட்ட ராஜபாளையத்தில் யார் இருந்தார்கள்? அவற்றின் வாசல் எழுத்து ஒன்றுதான். எல்லாரும் ஜகந்நாத ராஜாவாக முடியாது, உண்மை. ஆனால் பேச ஆளில்லாத மொழிக்குள் எழுத்து வழியாக நுழைய முடியும் என்பதைக் காட்ட அவர் ஒருவர் போதும். நம் தறித் தொழிலாளிக்கு ஆங்கிலமும் பேச ஆளில்லாத மொழிதான்.

*

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயது வந்தவர் கற்கும்போது குறுக்கே நிற்கும் மிகப்பெரிய தடை மூளையல்ல, கூச்சம். பேச்சு ஆங்கில வகுப்பின் முதல் நாளே அவரை எழுப்பி நிறுத்தி, இருபது பேர் முன்னிலையில் தம்மை அறிமுகம் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். பக்கத்தில் கல்லூரி மாணவன் ஒருவன் அமர்ந்திருக்கிறான். அவருடைய மகன் வயது. நாக்கு புரளவில்லை, யாரோ சிரிக்கிறார்கள். அடுத்த வாரம் அவர் வருவதில்லை. பெண்களானால் முதல் வாரமே வருவதில்லை.

எழுத்தில் இந்த வன்முறை இல்லை. தாள் அவசரப்படுத்தாது. யோசிக்கலாம், அடிக்கலாம், திருத்தலாம், முந்தைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பிழை அவருக்கும் ஆசிரியருக்கும் மட்டும் தெரிந்த ரகசியமாக இருக்கும். எழுதிப் பார்த்த வாக்கியத்தை நாளை அவர் வாய்விட்டுச் சொல்லும்போது குரலில் உறுதி இருக்கும். ‘தைரியம் தருகிறோம்’ என்று பேச்சு வகுப்புகள் விளம்பரம் செய்கின்றன. தைரியம் கத்துவதால் வருவதில்லை, தம் வாக்கியம் சரி என்று தெரிவதால் வருகிறது.

*

எழுத்தைக் கற்பிக்கிறேன் என்று கிளம்புவோரிடமும் எனக்குச் சண்டை உண்டு. அவர்கள் முதலில் வாங்கிவரச் சொல்வது நாலுவரி நோட்டு. ‘ஏ’ முதல் ‘இஸட்’ வரை கூட்டெழுத்தில் பக்கம் பக்கமாகப் பார்த்து எழுது என்பார்கள். அது முடிந்தால் காலங்களின் அட்டவணை. பன்னிரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ‘ஐ ஈட், ஐ ஏட், ஐ ஹேவ் ஈட்டன்’. மூன்று மாதம் கழித்து அவரிடம் ஒரு விடுப்பு விண்ணப்பம் எழுதச் சொல்லுங்கள். வெள்ளைத்தாள் வெள்ளையாகவே திரும்பி வரும்.

பார்த்து எழுதுவது விரலுக்குப் பயிற்சி, அவ்வளவுதான். சொல்ல ஒன்றிருந்து அதைத் தாளில் இறக்கி வைப்பதே எழுத்து. இந்த வேறுபாட்டை நம் அரசுகளே ஒரு காலத்தில் அறிந்திருந்தன. 1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் தாய்மொழி எழுத்தறிவுக்கு வகுத்த அளவுகோலைப் பாருங்கள். நிமிடத்துக்கு 7 சொற்கள் பொருளறிந்து பார்த்து எழுத வேண்டும், சொல்லக் கேட்டு 5 சொற்கள் எழுத வேண்டும். அதோடு நிற்காமல், சிறு கடிதங்களும் விண்ணப்பங்களும் அன்றாடப் படிவங்களும் பிறர் உதவியின்றித் தாமே எழுத வேண்டும் என்றும் அது சொன்னது. அந்தக் கடைசி வரியில்தான் உயிர் இருக்கிறது. நடைமுறையில் அதைத்தான் பல இடங்களில் முதலில் கைவிட்டார்கள்.

தமிழில் ‘கையெழுத்து’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். கையால் எழுதும் எழுத்து ஒன்று, ஒப்பம் மற்றொன்று. கைநாட்டு வைத்தவர் ஒப்பமிடக் கற்றதும் எழுத்தறிவு வந்துவிட்டதாக நாம் திருப்தி அடைந்துவிட்டோம். தொண்ணூறுகளின் அறிவொளி இயக்கத்தை நான் இழித்துப் பேசவில்லை. உழைக்கும் மக்களின் சொற்களிலிருந்தே பாடத்தைத் தொடங்கிய, பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராகப் போன இயக்கம் அது. அதன் மேன்மையையும் தவிப்பையும் அறிய விரும்புவோர் ச. தமிழ்ச்செல்வனின் ‘இருளும் ஒளியும்’ நூலைப் படிக்கலாம். தமிழுக்கு அறிவொளி கண்ட வழியை ஆங்கிலம் கற்பிப்போர் ஏன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்பதே என் ஆதங்கம். கற்பவரின் வாழ்க்கையிலிருந்து சொல்லை எடு, அந்தச் சொல்லிலிருந்து எழுத்தை எடு. இதைவிட நல்ல முறை இன்றுவரை வந்துவிடவில்லை.

*

சரி, எப்படித் தொடங்குவது? வெறும் குறை சொல்லிவிட்டுப் போவது முறையல்ல என்பதால் என் எண்ணத்தைச் சொல்கிறேன்.

முதலில் கற்பவர் யார் என்று பார்க்க வேண்டும். எந்த மொழியிலும் எழுத்தறியாதவர், தமிழ்போல் வேறோர் எழுத்தில் தேர்ந்தவர், பிரெஞ்சுபோல் ரோமன் எழுத்திலேயே எழுதுபவர் என்று குடியேறிகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் நாடுகளில் வயது வந்தோரைப் பிரித்துப் பார்க்கிறார்கள். கனடாவில் 1992 முதல் நடந்துவரும் புதுவரவாளர் மொழிப் பயிற்சித் திட்டத்தில் ஈழத்திலிருந்து சென்ற நம்மவர் பலர் அமர்ந்து கற்றிருக்கிறார்கள். அந்நாட்டின் மொழி அளவுகோல் நான்கு திறன்களையும் தனித்தனியே மதிப்பிடுகிறது. எழுத்தின் முதல் படியிலேயே சிறு படிவம் நிரப்புவதும், வாழ்த்து அட்டையில் இரண்டு வரி எழுதுவதும் இடம்பெறுகின்றன. பேச்சு முழுமை பெறும்வரை எழுத்தை வாசலில் நிறுத்தி வைப்பதில்லை.

அடுத்து, தமிழர் செய்யும் பிழைகளை அறியாமை என்று எண்ணுவதை விட வேண்டும். புதிதாக எழுதத் தொடங்குபவர் ‘மை நேம் மாரியப்பன்’ என்று எழுதுவார். நடுவில் ‘இஸ்’ எங்கே என்று ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். ‘என் பெயர் மாரியப்பன்’ என்ற தமிழ் வாக்கியத்தில் வினையே இல்லை, இருக்கவும் வேண்டாம். அவர் எழுதியது ஆங்கில எழுத்தில் பிசகற்ற தமிழ்! ‘எஸ்டர்டே ஹாஸ்பிடல் வென்ட்’ என்பதும் அப்படியே. ‘போனேன்’ என்ற சொல்லுக்குள் ‘நான்’ இருக்கிறது. ஆங்கில வினை அந்த ‘நானை’ச் சுமக்காது, வெளியே தனியாக எழுத வேண்டும். இதை ஒரு தமிழ் வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிப் பிரித்துக்காட்டிக் கால்மணி நேரத்தில் புரியவைத்துவிடலாம். வினை தமிழில் கடைசியில் வரும், ஆங்கிலத்தில் நடுவில் வரும் என்பதையும் அப்படியே. வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் விதிக்கும் மேதைகள், தங்களிடம் இருக்கும் ஒரே சாவியைக் கிணற்றில் எறிந்துவிட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்.

எழுத்துக்கூட்டலிலும் இதே கதை. நம் பகரம் ஒன்றே இரண்டு ஒலிகளைத் தாங்கும், ககரமும் அப்படித்தான். தமிழ் எழுத்தில் ஆங்கிலம் சொல்லித்தரும் வழிகாட்டி நூல்களில் தங்கமும் ‘கோல்டு’, சளியும் ‘கோல்டு’. அந்த நூல்களை மட்டும் நம்பியவர் மருத்துவருக்குத் தம் நோயை எழுதினால் தங்கம் பிடித்திருப்பதாகத்தான் எழுதுவார். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு தமிழில் கிடையாது. எங்கே எது என்பதைச் சொல்லாமல் விட்டால் அவர் எப்படி அறிவார்? இவையெல்லாம் காதால் கேட்டுத் திருத்தக்கூடியவை அல்ல, கண்ணால் பார்த்துக் கையால் எழுதியே பிடிபட வேண்டியவை.

பாட வரிசையாக நான் நினைப்பது இது. முதல் வாரம் பெயர், தந்தை பெயர், முகவரி, தேதி. ஆவணத்தில் உள்ள எழுத்துக்கூட்டலே பாடம். அடுத்து, அவர் தமிழில் சொல்லும் மூன்று வாக்கியங்களை ஆசிரியர் ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். ‘எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் நர்சிங் படிக்கிறாள். எனக்கு இரவு வேலை.’ அவற்றை அவர் படிக்கட்டும், சொற்களைப் பிரித்து மாற்றி அடுக்கட்டும், பெயரையும் எண்ணையும் மாற்றிப் புதிதாக எழுதட்டும். பிறகு விடுப்பு விண்ணப்பம், வங்கிக்கு ஒரு புகார், மகளின் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வாரமும் ஆசிரியருக்கு நான்கு வரி எழுத வேண்டும். ஆசிரியர் மதிப்பெண் போடாமல், சொன்ன விஷயத்துக்கு இரண்டு வரி பதில் எழுத வேண்டும். பதில் வரும் என்று தெரிந்தால்தான் யாருக்கும் எழுதத் தோன்றும். பொருளைக் குழப்பும் பிழையை மட்டும் திருத்தினால் போதும். ‘ஏ’யும் ‘த’வும் இடம் மாறி வருவதற்காக ஒருவரைச் சிலுவையில் அறைய வேண்டியதில்லை.

*

இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

‘இதெல்லாம் எதற்கு? இப்போதுதான் கைப்பேசியில் தமிழில் பேசினால் அதுவே ஆங்கிலத்தில் எழுதித்தருகிறதே’ என்பது ஒன்று. தரட்டும், பயன்படுத்தட்டும், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒரு தாய் தம் மருத்துவரம்மாவைப் பற்றி ‘அவர் சொன்னார்’ என்று தமிழில் சொன்னால், அந்த ‘அவர்’ ஆணா பெண்ணா என்று இயந்திரம் ஊகிக்கத்தான் வேண்டும். ஊகம் தவறினால் அதைக் கண்டுபிடிக்க யார் இருக்கிறார்கள்? முன்பு மனு எழுதுபவர் எழுதியதை நம்பி ஒப்பமிட்டோம். இப்போது இயந்திரம் எழுதியதை நம்பி விரலால் தொடுகிறோம். சரிபார்க்க முடியாதவருக்கு எழுத்தர் மாறியிருக்கிறாரே தவிர நிலைமை மாறவில்லை. ஒரு வரியையாவது தாமே எழுதப் பழகியவரால்தான் பத்து வரியைச் சரிபார்க்க முடியும்.

இரண்டாவது மறுப்பு என் மனதுக்கு நெருக்கமானது. ‘தமிழ்நாட்டில் தமிழருக்கு ஏன் ஆங்கிலக் காகிதம்? வங்கியையும் காப்பீட்டு நிறுவனத்தையும் தமிழில் எழுத வைப்பதுதானே நியாயம்?’ முழுக்க நியாயம். தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956இலேயே வந்துவிட்டது. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. வழக்கு அங்கிருந்து மேல்முறையீடாக உயர்நீதிமன்றத்துக்குப் போனால் ஆங்கிலம்தான் என்று அரசியலமைப்பின் 348ஆம் பிரிவு சொல்கிறது. அதை மாற்றப் போராடுவோம். ஆனால் அந்தப் போராட்டம் வெல்லும்வரை கடன் ஒப்பந்தம் காத்திருக்காது, தவணை காத்திருக்காது. ‘எனக்குத் தமிழில் பதில் தாருங்கள்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கேட்கத் தெரிந்தவரைத்தான் தலைமை அலுவலகம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆங்கிலத்தில் எழுதக் கற்பது தமிழுக்குத் துரோகம் என்போர், தம் பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட்டுப் பேசினால் நல்லது.

*

உண்மையில் இங்கே பணயமாக இருப்பது மொழியல்ல, பிறரைச் சார்ந்திருத்தல். படிவத்தை நிரப்பித் தருபவருக்கு நம் வயது தெரியும், வருமானம் தெரியும், கடன் தெரியும், நோய் தெரியும். கணவர் அறியக்கூடாத சேமிப்பைக்கூட ஒரு பெண் யாரோ ஒருவருக்குச் சொல்லித்தான் வங்கியில் போட முடிகிறது. நிரப்பித் தருபவர் நல்லவராக இருந்தால் பத்து ரூபாயோடு போயிற்று. இல்லையென்றால் என்ன எழுதினார் என்பது வேறொருவர் படித்துச் சொல்லும்வரை தெரியாது. பேச்சு ஆங்கிலம் எத்தனை சரளமாக வந்தாலும் இந்தக் கதவைத் திறக்காது.

இதற்குப் பெரிய கட்டடமோ கட்டணமோ தேவையில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875இல் தொடங்கிய பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. இரண்டு ஊர்களிலும் மாலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளி வகுப்பறைகள் இருக்கின்றன. ஓய்வுபெற்ற எழுத்தர்களும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். வாரம் இரண்டு மாலை, ஒரு மேசை, பத்துப் பேர் போதும். 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கு அடிப்படை எழுத்தறிவைத் தருவதாகச் சொல்கிறது. அதன் அடுத்த படியாக இதை வைக்க யாரும் தடை சொல்லப்போவதில்லை.

அந்த வகுப்பின் தேர்வும் எளியதுதான். மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், சரளம் வேண்டாம். தம் கணக்கில் தவறாகப் பிடித்த பணத்தைத் திருப்பிக் கேட்டு வங்கி மேலாளருக்கு ஆறு வரி. தேதி, கணக்கு எண், நடந்தது என்ன, வேண்டுவது என்ன, கீழே பெயர். ஒரு படி எடுத்துத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். பிழைகள் நான்கு இருக்கலாம், ஐந்தும் இருக்கலாம். அந்த ஆறு வரியைத் தாமே எழுதியவர் ஆங்கிலம் கற்றுவிட்டார் என்பேன். எழுதத் தெரியாமல் மணிக்கணக்கில் பேசுபவருக்கு இன்னும் கற்பிக்கத் தொடங்கவில்லை என்றும் சொல்வேன்.